மூப்பும் முறையும்: வேணாட்டு அரியணையில் அண்ணன், தம்பி, மருமகன்

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாற்றித் தரப்படுகிறது. அதன் பின்னர் தேவாரக்கட்டுச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றனர். முதல் நாள் இரவு குழித்துறையில் தங்கும் இந்த ஊர்வலம் மறுநாள் களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து, நெய்யாற்றின்கரையில் இரண்டாம் இரவைக் கழிக்கிறது. எல்லையில் இருபுறக் காவலர்களும் முறைப்படி மரியாதை செலுத்த, அரசே இல்லாத காலத்திலும் அரசின் வாள் தன் பழைய வழியில் போய் வருகிறது. அந்த வாள் யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும் என்ற கேள்விக்கு, பின்னாளில் திருவிதாங்கூர் ஆன வேணாடு கண்ட விடை தமிழகத்தின் மற்ற அரசுகள் கண்ட விடையினின்றும் வேறுபட்டது. இங்கே தந்தைக்குப் பின் மகன் வரவில்லை. அண்ணனுக்குப் பின் தம்பியும், தம்பிமார் தீர்ந்தபின் உடன்பிறந்தாள் மகனும் வந்தனர். இம்முறை நெடுங்காலம் அரசைக் காத்தது. ஒருமுறை அரசனின் மக்களையே பலி கொண்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளவங்கோடும் கல்குளமும் அடங்கிய இந்த நாட்டின் வரலாறு விளங்கும்.

வேணாட்டு அரசர்களுக்கு முன்பு இப்பகுதியை ஆண்டவர்கள் ஆய் மரபினர். களியக்காவிளைக்குத் தெற்கே, முஞ்சிறைக்கு அருகில் உள்ள பார்த்திவபுரத்து விஷ்ணு கோயில் அம்மரபின் கோக்கருநந்தடக்கனால் 866-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. முஞ்சிறைச் சபையாருக்கு உரியதாயிருந்த உழக்குடிவிளை என்னும் நிலத்தை மாற்று நிலம் கொடுத்துப் பெற்று, அதில் கோயிலும், 95 சட்டர்கள் தங்கிப் பயிலும் சாலையும் அமைத்ததை அவன் செப்பேடு கூறுகிறது. சட்டர் என்பது வேதமும் பிற கலைகளும் பயின்ற மாணவரைக் குறித்த சொல். சாலை என்பது அவர்கள் உணவும் உறைவிடமும் பெற்றுக் கற்ற நிறுவனம். மேட்டு நிலத்தைக் குறிக்கும் ‘விளை’ என்ற ஈறு பதினொன்றரை நூற்றாண்டுக்கு முந்திய அந்த ஆவணத்திலேயே இருப்பதும், களியக்காவிளை உட்பட இவ்வட்டாரத்தின் எண்ணற்ற ஊர்ப் பெயர்களில் அது இன்றும் உயிரோடிருப்பதும் இந்நிலத்தின் தொடர்ச்சிக்குச் சான்று.

அதே 866-இல், உலகின் மறுகோடியில், இங்கிலாந்தின் தென்பகுதியான வெசெக்ஸ் அரசில் எத்தல்ரெட் என்னும் மன்னன் ஆண்டுகொண்டிருந்தான். அவன் தன் தந்தையிடமிருந்து நேரே முடியைப் பெற்றவன் அல்லன். தந்தை எத்தல்வுல்ஃப் 858-இல் இறந்தபின் மகன்களில் எத்தல்பால்ட் 860 வரையும், அடுத்து எத்தல்பெர்ட் 865 வரையும் ஆண்டு மறைய, மூன்றாமவனாக அரியணை ஏறியவன் இவன். 871-இல் இவனும் மறைந்தபோது கடைசித் தம்பியான ஆல்ஃபிரட் முடிசூடினான். நான்கு உடன்பிறந்தார் வரிசையாக ஆண்டதற்குக் காரணம் பாசம் மட்டுமன்று. 865-இல் வந்திறங்கிய டேனியப் பெரும்படை மறு ஆண்டே யார்க் நகரைக் கைப்பற்றியிருந்த காலத்தில், பால்மணம் மாறாத சிறுவனை அரியணையில் அமர்த்துவது நாட்டையே இழப்பதாகும் என்பதைப் பிரபுக்கள் அறிந்திருந்தனர். எத்தல்ரெட்டும் ஆல்ஃபிரட்டும் தங்களுள் யார் நெடுநாள் வாழ்கிறாரோ அவரே குடும்பச் சொத்தைப் பெறுவது என்றும், மற்றவரின் மக்களுக்கு உரிய பங்கை ஒதுக்குவது என்றும் உடன்பாடு செய்துகொண்டதை ஆல்ஃபிரட்டின் உயில் பதிவு செய்திருக்கிறது.

ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஒரு முள் இருந்தது. ஆல்ஃபிரட் 899-இல் இறந்தபோது எத்தல்ரெட்டின் மகன் எத்தல்வோல்டு வளர்ந்த ஆணாக இருந்தான். முடி ஆல்ஃபிரட்டின் மகன் எட்வர்டுக்குப் போகவே, எத்தல்வோல்டு தன் தந்தை அடக்கம் செய்யப்பட்ட விம்போர்னைக் கைப்பற்றிக் கலகம் செய்து, பின் டேனியருடன் சேர்ந்து, 902-இல் போர்க்களத்தில் மாண்டான். அண்ணன் தம்பி வரிசை ஒரு தலைமுறையைச் சீராகக் கடத்திவிடும். ஆனால் கடைசித் தம்பியும் போனபின் யாருடைய மகன் வருவது என்ற கேள்வியை அதனால் தீர்க்க முடியவில்லை. வேணாடு அக்கேள்விக்கு வேறொரு விடையை வைத்திருந்தது: யாருடைய மகனும் வரக்கூடாது.

இதுவே மருமக்கத்தாயம் எனப்படும் முறையின் சாரம். மருமக்கள் என்ற சொல் இங்கு உடன்பிறந்தாளின் பிள்ளைகளைக் குறிக்கும். தாயம் என்பது உரிமைப் பங்கு. குடும்பம் பெண்வழியாகவே எண்ணப்படும். ஒரு தாய், அவள் மக்கள், அவள் பெண்மக்களின் மக்கள் ஆகியோர் ஒரு தறவாட்டைச் சேர்ந்தவர்கள். அத்தறவாட்டு ஆண்களின் மனைவியரும் பிள்ளைகளும் வேறு தறவாட்டினர். குடும்பத்தை நடத்துபவர் ஆண்களில் வயதால் மூத்தவர். அந்தத் தலைமைக்கே ‘மூப்பு’ என்று பெயர். வேணாட்டு அரச குலம் திருப்பாப்பூர், சிறவாய், தேசிங்கநாடு எனப் பல கிளைகளாகப் பிரிந்தபோது திருப்பாப்பூர் மூப்பு, சிறவாய் மூப்பு என்றே பட்டங்கள் வழங்கப்பட்டன. அரசன் என்பவன் ஒரு பெருங்குடும்பத்தின் மூத்த ஆண். அவன் முடி அவனுக்குச் சொந்தமான பொருளன்று, முறை வந்தவரையில் அவனிடம் இருப்பது.

இம்முறை எப்போது தோன்றியது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சோழர்களுடன் நடந்த நீண்ட போர்களின் விளைவாகப் பதினொன்றாம் நூற்றாண்டை ஒட்டியே, தந்தைக்குப் பின் மகன் என்னும் மக்கத்தாயம் நழுவி மருமக்கத்தாயம் பரவியது என்று இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை வாதிட்டார். அவர் வாதத்துக்கு அரணாகக் காட்டப்படும் மன்னர்களுள் ஒருவன் கொல்லத்து இரவிவர்மன் குலசேகரன். அவனுடைய கல்வெட்டுகள் அவனை ஜயசிம்மனின் மகன் என்றே பெருமையுடன் கூறுகின்றன. சங்கிராமதீரன் என்ற விருதுபெற்ற இம்மன்னனின் வாழ்வில் அண்ணன் தம்பிப் போர் வேறொரு வழியில் குறுக்கிட்டது. மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1310-ஐ ஒட்டி இறந்தபின் அவன் மக்களான சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக மோதிக்கொண்டனர். தந்தையைக் கொன்றவனே மகன் சுந்தரன்தான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதினார். 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரை வரை வந்து சூறையாடித் திரும்பியது. அந்தக் குழப்பத்தின் நடுவே வடக்கே படை நடத்திச் சென்ற இரவிவர்மன், வேகவதிக் கரையில் காஞ்சியில் முடிசூடிக்கொண்டதை அங்குள்ள அருளாளப் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறது. பாண்டியர் வீட்டில் மகன்கள் பங்குக்கு மோதியதால் அந்த வீடே சிதைந்ததைக் கண்ணெதிரே கண்ட குலத்தில், அவனுக்குப் பின்வந்த நூற்றாண்டுகளில் பெண்வழி உரிமை உறுதிப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

பெண்வழி முறையில் அரசியாக எண்ணப்பட்டவள் மன்னனின் மனைவியல்லள். அவன் தாயோ உடன்பிறந்தாளோதான். ஆற்றிங்ஙல் அரசியர் என்று அழைக்கப்பட்ட இவர்கள் வயிற்றில் பிறந்த ஆண்களே ‘தம்புரான்’கள், அதாவது அரியணைக்கு உரியவர்கள். பெண் வாரிசு இல்லாமற் போனால் வடக்கே கோலத்துநாட்டு மரபிலிருந்தோ அதன் கிளைகளிலிருந்தோ பெண்களைத் தத்தெடுத்தனர். பிற நாடுகளில் மன்னர்கள் ஆண் மகவுக்காகத் தவமிருந்தபோது, இந்நாட்டு அரச குலம் பெண் மகவுக்காகக் காத்திருந்தது. அரசியரின் கணவர்கள் ‘கோயித்தம்புரான்’கள், மதிப்பு உண்டு, ஆட்சியில் இடமில்லை. பின்னர் இந்நாட்டை ஆண்ட மார்த்தாண்டவர்மரின் தந்தை கிளிமானூர்க் கோயித்தம்புரான் குடும்பத்தவர்.

மன்னனின் மனைவிக்கு அரசி என்ற பெயர் கிடையாது, அவள் ‘அம்மச்சி’. அவள் மகன் ‘தம்பி’, மகள் ‘தங்கச்சி’. தந்தையின் அரண்மனையில் வளர்ந்து, தந்தையின் கண்ணாக இருந்த பிள்ளைகளுக்கு இந்நாடு சூட்டிய பட்டங்கள் இளைய உடன்பிறந்தார் உறவைக் குறிப்பவையாக அமைந்தது கருதத்தக்கது. பெயரளவில் உடன்பிறந்தவர்; உரிமையளவில் வேற்று வீட்டார். இப்பட்டம் பிற்காலத்தில் மன்னர் அளிக்கும் சிறப்பாகவும் வழங்கியது; தலக்குளத்து வேலுத்தம்பித் தளவாயின் பெயரிலுள்ள தம்பி அவ்வாறு வந்ததே.

இம்முறையின் முழுச் சுமையும் 1729-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு இறந்த மன்னன் இராமவர்மனின் ஆட்சி வலுவற்ற ஆட்சி. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிருவாகம் எட்டரை யோகம் எனப்பட்ட அவையிடம் இருந்தது. அதில் மன்னருக்கு இருந்தது அரை வாக்கு மட்டுமே. எட்டுவீட்டுப் பிள்ளைமார் எனப்பட்ட கழக்கூட்டத்துப் பிள்ளை, இராமனாமடத்துப் பிள்ளை, செம்பழந்திப் பிள்ளை, குடமண் பிள்ளை, வெங்ஙானூர்ப் பிள்ளை, மார்த்தாண்டமடத்துப் பிள்ளை, பள்ளிச்சல் பிள்ளை, கொளத்தூர்ப் பிள்ளை ஆகியோர் வரி தண்டும் உரிமையும் ஆள்பலமும் கொண்டு, மன்னர் கட்டளைக்குக் கட்டுப்படாமல் இருந்தனர். இவர்களை அடக்கும் பொருட்டு இராமவர்மன் 1723-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்தார். 1726-இல் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, ஆண்டுத் திறை கொடுப்பதாக ஒப்புக்கொண்டு மதுரை நாயக்க அரசிடமிருந்து படை உதவி பெற்று வந்தார். இவற்றின் பின்னணியில் இருந்து தூண்டியவர் அவருடைய மருமகனான இளைஞர் மார்த்தாண்டவர்மரே என்று திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இராமவர்மனுக்குப் பப்புத்தம்பி, இராமன்தம்பி என்று இரு மகன்கள் இருந்தனர். மக்கள் வழக்கில் முன்னவர் வலியதம்பி, பின்னவர் குஞ்சுத்தம்பி. மருமக்கத்தாயப்படி மார்த்தாண்டவர்மர் பட்டமேற, தம்பிமார் எதிர்த்து நின்றனர். பிள்ளைமாரும் அவர்களுக்குத் துணையாயினர். தந்தையின் அரசு தங்களுக்கே உரியது என்று அவர்கள் கோரினர் என்பது 1878-இல் வெளிவந்த சங்குண்ணி மேனனின் திருவிதாங்கூர் வரலாறு முதலாகத் தொடர்ந்து சொல்லப்படும் செய்தி. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், திருநெல்வேலியிலும் மதுரையிலும், மகனுக்கே அரசு என்பதே அறம்; கணவாய்க்கு இப்பால் அது அத்துமீறல். தம்பிமார் திருச்சிராப்பள்ளியின் உதவியை நாடிச் சென்றதும், அங்கிருந்து அழகப்ப முதலியார் என்பவர் தலைமையில் படை வந்ததும் இந்த முரணின் வெளிப்பாடே. வந்த தலைவரைப் பொருள் கொடுத்துத் திருப்பி அனுப்பியது மார்த்தாண்டவர்மரின் தரப்பு.

இவற்றுக்கு முந்திய ஆண்டுகளில் இளவரசராயிருந்த மார்த்தாண்டவர்மர் பகைவர்களுக்கு மறைந்து ஊர் ஊராக அலைந்தார் என்ற நினைவு பத்மநாபபுரம் முதல் திருவனந்தபுரம் வரையுள்ள வழி நெடுகிலும் பதிந்திருக்கிறது. களியக்காவிளையிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் உள்ள நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில், அவர் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பியதாகச் சொல்லப்படும் பலாமரம் அம்மச்சிப் பிலாவு என்ற பெயருடன் போற்றப்படுகிறது. மன்னனைக் காத்த மரத்துக்கு, மன்னனின் மனைவிக்கும் தாய்மைக்கும் உரிய ஒரு சொல்லையே மக்கள் பெயராக வைத்திருக்கின்றனர்.

முடிவு நாகர்கோவில் அரண்மனையில் நிகழ்ந்தது. தம்பிமார் இருவரும் அங்கு வைத்துக் கொல்லப்பட்டனர். பிள்ளைமார் பிடிக்கப்பட்டுக் கொலைத் தண்டனை பெற்றனர்; அவர்கள் வீடுகள் இடிக்கப்பட்டுக் குளமாகத் தோண்டப்பட்டன என்றும், பெண்களும் குழந்தைகளும் கடற்கரை மீனவரிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்றும் மரபு சொல்கிறது. இத்தண்டனைக்குத் துறையேற்றம் என்று பெயர். அரசு என்ற அமைப்பைக் கட்டியெழுப்ப இவ்வளவு தேவைப்பட்டதா என்று கேட்காமல் இப்பகுதியின் வரலாற்றைப் படிக்க முடியாது. பிள்ளைமாரின் ஆதிக்கம் குடிகளுக்குச் சுமையாக இருந்தது உண்மை. அதனால் அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு நேர்ந்தது நீதியாகிவிடாது.

நாட்டுப்புறம் இதை மறக்கவில்லை. குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டுகளில் ஒன்றான தம்பிமார் கதை தோற்றவர்களின் கதையைப் பாடுகிறது. அப்பாடலில் தம்பிமார் நயவஞ்சகர்கள் அல்லர். தங்கையை அரும்பொருளாய்க் காத்த அண்ணன்மார். அவர்களின் தங்கை உம்மிணித்தங்கையை மணக்க மார்த்தாண்டவர்மர் விரும்பியதாகவும், அவளுக்குப் பிறக்கும் மகனுக்கே அரசு வேண்டும் என்று அண்ணன்மார் கேட்டதாகவும், அதற்கு அவர் இசையாததால் பகை மூண்டதாகவும் அது கதையைக் கட்டுகிறது. இது நடந்ததா இல்லையா என்பதை விட முக்கியமானது ஒன்றுண்டு. மருமக்கத்தாயத்தின் மையத்திலுள்ள முரணை, அதாவது மன்னனை மணக்கும் பெண்ணின் மகனுக்கு மன்னனின் வீட்டில் இடமில்லை என்பதை, பாடலாசிரியர் ஒரு பெண் கேட்பின் வழியே துல்லியமாகப் பிடித்திருக்கிறார். அகால மரணம் அடைந்தோரைத் தெய்வமாக்கிப் பாடுவது வில்லுப்பாட்டின் இயல்பு. அதில் கொன்றவரைவிடக் கொல்லப்பட்டவருக்கே இடம் பெரிது.

படித்தவர்களின் நினைவு வேறு திசையில் போயிற்று. சி.வி. இராமன் பிள்ளை எழுதி 1891-இல் வெளிவந்த ‘மார்த்தாண்டவர்மா’ என்ற மலையாள நாவல் இளவரசரை நாயகத் தன்மையுடனும் பப்புத்தம்பியைத் தீயவனாகவும் சித்தரித்தது. தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்கள் அதையே வரலாறாகக் கொண்டனர். ஒரே நிகழ்ச்சியைப் பற்றிக் கோயில் கொடைகளில் பாடப்பட்டதும் பள்ளிகளில் படிக்கப்பட்டதும் எதிரெதிராக நிற்கின்றன. இவற்றில் பாடலுக்கே முதலில் செவி கொடுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. நாவல் எழுதப்பட்டபோது வென்ற குலமே அரியணையில் இருந்தது. பாடலுக்கு அத்தகைய நிழல் எதுவும் இல்லை.

வென்றபின் மார்த்தாண்டவர்மர் மூப்பு என்ற பழைய கருத்தையே உடைத்தார். பல கிளைகளில் சிதறிக் கிடந்த உரிமைகளை ஒவ்வொன்றாகத் தம் கிளைக்குள் கொண்டுவந்தார். கொல்லத்தில் ஆண்ட தேசிங்கநாட்டு உறவினர் பணிந்தனர். இளையிடத்துச் சுவரூபத்து அரசி டச்சுக்காரரின் துணையை நாடினார். 1741 ஆகஸ்ட் 10-ஆம் நாள் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. 1746-இல் காயங்குளம் வீழ்ந்தது. ஏர்வாடியைச் சேர்ந்த இராமய்யன் தளவாய் இப்போர்களில் அவருக்கு வலக்கையாக இருந்தார். இறுதியில் 1750 ஜனவரி 3-ஆம் நாள் திருப்படித்தானம் என்னும் சடங்கின் வழியே நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, தம்மைப் பத்மநாபதாசன் என்று அறிவித்தார். இச்சடங்கைப் பக்திச் செயலாகவோ, எதிர்ப்பாளரை வாயடைக்கும் அரசியலாகவோ விளக்குவோர் உண்டு. வாரிசுரிமையின் கண்ணால் பார்க்கையில் அது மற்றொன்றையும் செய்தது: நாடு தெய்வத்துக்கு உரியது, மன்னர் அதன் ஊழியர் எனில், எந்தத் தந்தையும் எந்த மகனுக்கும் அதை எடுத்துக் கொடுக்க முடியாது. 1758-இல் அவர் மறைந்தபோது பட்டம் தடையின்றி மருமகன் கார்த்திகைத் திருநாள் இராமவர்மருக்குச் சென்றது.

மன்னர் பெற்ற மக்களின் நிலை என்னவாயிற்று என்பதற்கும் விடை இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. தர்மராஜா என்று அறியப்பட்ட கார்த்திகைத் திருநாளின் நான்கு அம்மச்சிமார் அருமனை, திருவட்டாறு, வடசேரி, நாகர்கோவில் ஆகிய ஊர்களைச் சேர்ந்தவர்கள். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபோது இக்குடும்பங்களும் அங்குக் குடியேறி, ஊர்ப் பெயராலேயே அருமனை அம்மவீடு, திருவட்டாறு அம்மவீடு, வடசேரி அம்மவீடு, நாகர்கோவில் அம்மவீடு என்று பெயர்பெற்றன. அதன்பின் மன்னர் இவ்வீடுகளில் ஒன்றிலிருந்தோ, இவற்றுள் ஒன்றில் தத்தெடுக்கப்பட்ட பெண்ணையோ மணப்பது வழக்கமாயிற்று. அம்மவீட்டுப் பிள்ளைகளுக்கு நிலமும் மதிப்பும் கிடைத்தன. அரியணை கிடைக்காது என்பது தொட்டிலிலேயே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தம்பிமாரின் குருதியில் தொடங்கிய கேள்வியை ஓர் ஒழுங்காக மாற்றிய ஏற்பாடு இது.

அவ்வொழுங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அண்ணன் தம்பி வரிசையை அழகாகக் காட்டுகிறது. 1829-இல் பதினாறு வயதில் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற சுவாதித் திருநாள் 1846-இல் மறைந்தபோது, தம்பி உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மர் பட்டமேறினார். 1860-இல் அவருக்குப் பின் வந்தவர்கள் உடன்பிறந்தாள் உருக்மிணிபாயின் மக்கள்: முதலில் ஆயில்யம் திருநாள், 1880-இல் அவர் மறைந்ததும் தம்பி விசாகம் திருநாள். 1885-இல் விசாகம் திருநாளும் மறைய, அவ்விருவரின் உடன்பிறந்தாள் மகனான மூலம் திருநாள் வந்து 1924 வரை ஆண்டார். அண்ணன், தம்பி, மருமகன், மருமகனின் தம்பி, மறுபடியும் மருமகன் என்று ஒரு நூற்றாண்டுக் காலம் இவ்வரிசை ஒரு வாளும் உருவப்படாமல் நடந்தது. ஆங்கிலேயரின் மேலாதிக்கம் அதற்கு ஒரு காரணம். முறை எல்லோராலும் ஏற்கப்பட்டிருந்தது மற்றொரு காரணம்.

அண்ணன் போய்த் தம்பி வருவது வெறும் பெயர் மாற்றமாகவும் இருந்ததில்லை. மலையாளக் கவிஞர் கேரளவர்மா வலியகோயித்தம்புரான் ஆயில்யம் திருநாளின் சினத்துக்கு ஆளாகி 1875-இல் சிறைப்பட்டு, பின் காவலில் வைக்கப்பட்டிருந்தார். 1880-இல் தம்பி விசாகம் திருநாள் பட்டமேறியதும் விடுதலை பெற்றார். அந்நாட்களில் மனைவியைப் பிரிந்திருந்த துயரே பின்னர் ‘மயூரசந்தேசம்’ என்னும் தூது காவியமாயிற்று. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாயினும் ஆட்சியின் மனம் இரண்டாக இருக்கக்கூடும் என்பதை அவர் தம் வாழ்வில் அறிந்தார். பெண்மக்கள் அற்றுப்போகும் ஆபத்து மட்டும் அவ்வப்போது தலைகாட்டியது. 1857-இலும் 1900-இலும் மாவேலிக்கரைக் குடும்பத்திலிருந்து இருவர் இருவராகப் பெண்கள் தத்தெடுக்கப்பட்டனர்.

அரண்மனைக்கு வெளியே இம்முறை இவ்வளவு இணக்கமாக இல்லை. நாயர் குடும்பங்களில் மட்டுமன்றி, தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையேயும் மருமக்கள்வழி நிலவியது. அங்கு உகந்துடைமை என்ற பெயரில் பிள்ளைகளுக்கும், நங்குடைமை என்ற பெயரில் மனைவிக்கும் சிறு பங்கு ஒதுக்கும் வழக்கமும் இருந்தது. தந்தையின் மனம் மகனிடமும் சட்டம் மருமகனிடமும் நின்றதன் அடையாளம் அது. காரணவரின், அதாவது குடும்பத் தலைவரான மாமனின் கையில் சொத்து முழுவதும் இருக்க, மனைவி மக்கள் நடுத்தெருவில் நிற்க நேர்ந்த கொடுமையைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தம் ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்ற நூலில் பாடினார். அரசன் வீட்டில் தம்பிமாருக்கு நேர்ந்தது வயல்காட்டு வீடுகளில் சாகாமல் சாகும் வறுமையாக நேர்ந்தது என்று சொல்வது மிகையாகாது. திருவிதாங்கூர் அரசு 1925-இல் நாயர்களுக்கும், 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கும் சட்டமியற்றி, சொத்தைப் பிரித்துக்கொள்ளும் உரிமையையும் மக்களுக்குத் தந்தையின் பொருளில் உரிமையையும் வழங்கியது. அச்சட்டங்களுக்கு ஒப்புதல் தந்த அரச குலம் தனக்கு மட்டும் பழைய முறையையே வைத்துக்கொண்டது.

1931-இல் ஆட்சியேற்ற சித்திரைத் திருநாள் பாலராமவர்மரே திருவிதாங்கூரின் கடைசி மன்னர். 1949-இல் திருவிதாங்கூர் கொச்சியுடன் இணைந்தது. 1956 நவம்பர் 1 முதல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் இன்றைய தமிழ்நாடான அன்றைய சென்னை மாநிலத்தில் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. குலத்தின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் ஒரு மாநிலத்திலும், அதன் குலதெய்வக் கோயில் மற்றொரு மாநிலத்திலும் ஆக, களியக்காவிளை அவற்றின் நடுவே எல்லை ஊராயிற்று. 1971-இல் அரசியல் சட்டத்தின் இருபத்தாறாம் திருத்தம் முன்னாள் மன்னர்களுக்கான ஏற்பும் மானியமும் இனி இல்லை என்றது.

சித்திரைத் திருநாள் 1991-இல் மறைந்தபோது, பத்மநாபசுவாமி கோயிலின் நிருவாகப் பொறுப்பை அவர் தம்பி உத்திராடம் திருநாள் மார்த்தாண்டவர்மர் ஏற்றார். அண்ணன் வகித்த இடம் தம்பிக்கு வருமா என்ற மிகப் பழைய கேள்வி இம்முறை போர்க்களத்துக்குப் போகாமல் நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆட்சியாளர் என்ற நிலை சித்திரைத் திருநாளோடு முடிந்துவிட்டது, தம்பிக்கு அவ்வுரிமை இல்லை என்று 2011 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கையிலேயே, 2013 டிசம்பரில் உத்திராடம் திருநாளும் மறைந்தார். அவ்விருவரின் உடன்பிறந்தாள் கார்த்திகைத் திருநாள் இலட்சுமிபாயின் மகன் மூலம் திருநாள் இராமவர்மர் குடும்பத் தலைவரானார். 2020 ஜூலை 13-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், முன்னாள் மன்னர் மறைந்ததால் கோயிலின் மீதான குடும்பத்தின் பொறுப்புரிமை அற்றுப்போகவில்லை என்றும், அக்குடும்பத்தின் வழக்கப்படியே அது அடுத்தவருக்குச் செல்லும் என்றும் தீர்ப்பு வழங்கியது. அவ்வழக்கப்படி அப்பொறுப்பு அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து மருமகனுக்கும் சென்றிருக்கிறது.